இன்றியமையாத காரணமா, தவிர்க்க முடியாத காரணமா, ஊழா?

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகி ஒருவர், தனியார் பள்ளி ஒன்றில் அலுவலக உதவியாளராகப் பணிபுரிகிறார். சென்ற மாதம் பள்ளியின் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய் ஒரு நாள் விடுமுறை விட நேர்ந்தபோது, அறிவிப்புப் பலகையில் ‘இன்றியமையாத காரணங்களால் நாளை பள்ளி இயங்காது’ என்று எழுதினாராம். தலைமையாசிரியர் ‘இன்றியமையாத’ என்பதை அடித்துவிட்டுத் ‘தவிர்க்க முடியாத’ என்று திருத்தினார். அருகில் நின்ற தமிழாசிரியரோ, இரண்டுமே சுற்றி வளைத்துச் சொல்பவை, இதற்கெல்லாம் நம் முன்னோர் வைத்துப் போன ஒரே சொல் ‘ஊழ்’ என்றார். மூவரில் யார் சொன்னது சரி, ‘ஊழ்’ என்பதன் பொருள் உண்மையில் ‘தவிர்க்க முடியாதது’தானா, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. உங்கள் தலைமையாசிரியர் செய்த திருத்தம் சரியானது. தமிழாசிரியர் சொன்னதில் பாதி உண்மை உண்டு; அந்தப் பாதியும் அறிவிப்புப் பலகைக்கு உதவாது. நீங்கள் எழுதியது பிழை. ஆனால் நெடுங்காலம் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருப்பதால் சொல்கிறேன், அந்தப் பிழை வாராத அலுவலகக் கடிதக் கட்டு ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. ஆகவே மனம் வருந்த வேண்டாம்.

‘இன்றியமையாத’ என்பதைப் பிரித்துப் பார்த்தாலே சிக்கல் விளங்கிவிடும். இன்றி என்றால் இல்லாமல். அமைதல் என்றால் பொருந்தி நிற்றல், நிறைவடைதல், போதுமானதாதல். எது இல்லாவிட்டால் மற்றொன்று நிலைகொள்ளாதோ, அது இன்றியமையாதது. நற்றிணையின் முதற்பாட்டில் கபிலர் படைத்த தலைவி, தலைவனுக்கும் தனக்கும் உள்ள உறவை ‘நீரின்று அமையா உலகம் போலத் தம்மின்று அமையா’ என்று சொல்கிறாள். நீர் இல்லாமல் உலகம் எப்படி இல்லையோ, அப்படி அவர் இல்லாமல் நான் இல்லை என்பது கருத்து. புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், ‘நீரின்று அமையா யாக்கைக்கு எல்லாம் உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே’ என்கிறார். ‘நீரின்று அமையாது உலகெனின்’ என்று தொடங்கும் 20ஆம் குறளை உங்கள் பள்ளிப் பிள்ளைகளே ஒப்பிப்பார்கள். மூன்று இடத்திலும் பேச்சு தண்ணீரைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். உங்கள் பள்ளி மூடப்பட்டதும் தண்ணீர் இல்லாமல்தான். அன்று பள்ளிக்கு இன்றியமையாததாக இருந்தது தண்ணீர்; மோட்டார் எரிந்துபோனது அல்ல. நீங்கள் எழுதிய தொடரை அப்படியே பொருள் கொண்டால், மோட்டார் எரிவது பள்ளி நடப்பதற்குத் தேவையான ஒன்று என்று ஆகிவிடும்!

சொல்லும் கடிதமும் கையில் இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிய நான் ஒரு எளிய வழியைக் கையாள்கிறேன். அந்தப் பொருள் இல்லாமற் போனால் வருந்துவோமா, மகிழ்வோமா என்று கேட்டுப் பார்ப்பேன். இல்லாமற் போனால் வருந்துவோம் என்றால் அது இன்றியமையாதது: காற்று, உப்பு, வீட்டில் மூத்தவரின் துணை, அலுவலகத்தில் உங்களைப் போல் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர். இல்லாமற் போனால் நிம்மதி என்றால் அது தவிர்க்க முடியாதது: மின்தடை, முதுமை, மார்ச் மாதத்துக் கணக்கு முடிப்பு. இந்த வழியில் அகப்படாமல் நழுவும் இடங்கள் சில உண்டு என்றாலும், அன்றாட எழுத்துக்கு இது போதும்.

இதே குழப்பம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. எனக்கு அதுதான் கூடுதல் எரிச்சலைத் தருகிறது. பாராட்டு மலர்களிலும் இரங்கல் கட்டுரைகளிலும் ‘தமிழ் நாடகத்தின் தவிர்க்க முடியாத ஆளுமை’, ‘இந்தத் துறையில் தவிர்க்க முடியாத எழுத்தாளர்’ என்று எழுதுகிறார்கள். ஒதுக்கிவிட எவ்வளவோ முயன்றோம், முடியாமற் போய்விட்டது என்றுதான் அந்தத் தொடர் என் காதில் விழுகிறது. வேறு மொழியில் பாராட்டாக இருந்த ஒன்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வேகத்தில் வந்த வழக்கு இது, இப்போது ஊன்றிவிட்டது. என் கையில் வரும் மெய்ப்பில் இன்னும் ‘இன்றியமையாத’ என்றே திருத்தி வருகிறேன். திருத்தியது அச்சில் நிற்கிறதா என்பது வேறு கதை.

‘தவிர்’ என்ற வினைச்சொல்லுக்கு இனி வருவோம். தவிர்தல் என்றால் நீங்குதல், ஒழிதல், நின்றுபோதல். தவிர்த்தல் என்றால் நீக்குதல், விலக்குதல், தடுத்தல். நீக்குதல் என்ற வலிய பொருளுக்கு நம் வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர். வணிகப் பொருள்மீது வாங்கிய சுங்கவரியை அவன் நீக்கினான் என்பதால் வந்த பெயர் அது. இன்று நாம் ‘அவர் என்னைத் தவிர்க்கிறார்’ என்று சொல்லும்போது ஒதுங்கிப் போகிறார் என்ற மெல்லிய பொருளே தோன்றுகிறது. அன்றைய தவிர்த்தலோ, இருந்த ஒன்றை இல்லாமலாக்குவது. ‘அவனைத் தவிர’ என்று விலக்கிச் சொல்லும்போது வருவதும் இதே சொல்தான். இலங்கைத் தமிழர் ‘வெள்ளிக்கிழமை தவிர்ந்த ஏனைய நாட்கள்’ என்று எழுதுவார்கள். நாம் ஏறக்குறைய மறந்துவிட்ட தவிர்தல் என்ற தன்வினை வடிவம் அவர்கள் எழுத்தில் உயிரோடு இருக்கிறது.

ஆகவே ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்பதன் கருத்து, விலக்கிவிட நினைத்தும் எங்கள் கையால் ஆகாமற் போன காரணங்களால் என்பது. பேச்சு முழுவதும் நம் கையின் இயலாமையைப் பற்றியது. இதைத் ‘தவிர்க்க இயலாத’ என்றும் எழுதலாம், சேர்த்துத் ‘தவிர்க்கவியலாத’ என்றும் எழுதலாம். பொருளில் வேறுபாடு இல்லை. ‘தவிர்க்கக் கூடாத’ என்று எழுதினால் மட்டும் பொருள் தலைகீழாகிவிடும், ஏனெனில் அது விலக்குவது தவறு என்று சொல்கிறது. ‘தவிர்க்கக் கூடாத காரணங்களால் விழா ஒத்திவைக்கப்படுகிறது’ என்று அச்சான அழைப்பிதழ் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். ‘தவிர்க்கப்பட முடியாத’ என்பதும் வேண்டாத சுமை. தவிர்க்க முடியாத என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கும்போது ‘பட’ எதற்கு?

உங்கள் தமிழாசிரியர் கையிலெடுத்த சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அது அழகான சொல், அதைவிடத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட சொல்.

ஊழ் என்றதும் நமக்கு விதி நினைவுக்கு வருகிறது. ஆனால் அச்சொல் முதலில் ஒரு வினைச்சொல். மேலே சொன்ன அதே கபிலர், பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டிருந்த வேந்தர்களைப் பார்த்துப் பாடிய புறநானூற்று 109ஆம் பாட்டில், அந்த மலையில் உழவர் உழாமலே விளையும் பொருள்கள் நான்கு என்று எண்ணிச் சொல்கிறார். முதலாவது மூங்கில் நெல். இரண்டாவதைச் சொல்லும் அடி, ‘தீஞ்சுளைப் பலவின் பழம்ஊழ்க் கும்மே’ என்பது. இனிய சுளை நிறைந்த பலாப்பழம் அங்கே ஊழ்க்கும், அதாவது முற்றிப் பழுக்கும். பலாவை மரத்திலேயே விட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருத்தம் தெரியும். முள் அகன்று தட்டையாகும். விரலால் தட்டினால் ஒலி மாறும். ஒரு நாள் காலையில் தோப்பு முழுவதும் மணக்கும். அதற்காக யாரும் ஏர் பிடிக்கவில்லை, யாரும் நாள் குறிக்கவில்லை. அதன் பருவம் வந்தது, அது பழுத்தது. அந்தப் பருவத்தையும் தாண்டி விட்டுவிட்டால் பழம் அழுகும். அந்த நிலைக்கும் ஊழ்த்தல் என்றே பெயர். இன்று நாளிதழில் தினமும் படிக்கும் ‘ஊழல்’ என்ற சொல்லையும் அகராதிகள் இந்த வேரோடுதான் சேர்க்கின்றன. பதனழிந்தது, கெட்டது என்பது அதன் பழம்பொருள்.

பூவுக்கும் இதே சொல் வரும். கற்றதைப் பிறர் உணரும்படி எடுத்துச் சொல்லத் தெரியாதவரை 650ஆம் குறள் ‘இணரூழ்த்தும் நாறா மலரனையர்’ என்கிறது. கொத்தாக மலர்ந்தும் மணக்காத பூவைப் போன்றவர் என்று பொருள். அங்கே ஊழ்த்தல் மலர்தல். ஆக, பழுப்பதும் மலர்வதும் அழுகுவதும் ஒரே சொல்லின்கீழ் வருகின்றன. மூன்றுக்கும் பொதுவானது பருவம். ஒன்றன்பின் ஒன்றாக, அதனதன் வரிசையில், அதனதன் காலத்தில் நிகழ்தல். இந்த வரிசை என்ற பொருளே வேர் என்பது என் எண்ணம். மலையாளத்தில் இன்றைக்கும் ‘ஊழம்’ என்றால் முறை என்று பொருள். வரிசையில் நிற்பவர் தம் ஊழத்துக்காகக் காத்திருக்கிறார். விதியோ வினையோ அங்கே இல்லை, தன் முறை வருவது ஒன்றுதான். காலத்தின் நீண்ட முறையாகிய யுகத்தைக் குறிக்கும் ‘ஊழி’யும் இந்தக் குடும்பத்துச் சொல்தான்.

இப்போது ‘யாதும் ஊரே’ என்று தொடங்கும் புறநானூற்று 192ஆம் பாட்டுக்கு வாருங்கள். முதல் அடியை மேடைதோறும் சொல்கிறோம். நடுவில் இருக்கும் அடிகளை விட்டுவிடுகிறோம். மலையிலிருந்து கல்லை மோதி ஒலித்து இறங்கும் பேராற்றின் ‘நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்’ என்கிறார் கணியன் பூங்குன்றனார். நீரின் போக்கில் போகும் தெப்பத்தைப் போல உயிர் முறையின் போக்கில் போகிறது. இந்த ‘முறை’ என்பதற்கு உரைகாரர்கள் ஊழ் என்றே பொருள் எழுதுகிறார்கள். திருக்குறளின் 38ஆம் அதிகாரத் தலைப்பான ஊழுக்கு விளக்கம் எழுதும் பரிமேலழகரும், இருவினைப் பயன் செய்தவனையே சென்றடைவதற்கு ஏதுவாகிய நியதி என்று வரையறுத்துவிட்டு, ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி என்பன ஒருபொருட் கிளவி என்று ஏழு சொற்களை அடுக்குகிறார். அவர் காலத்துக்குள் ஏழும் ஒன்றாகிவிட்டன என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அவை பிறந்த இடங்கள் வெவ்வேறு. பால் என்றால் பங்கு, பகுதி. ஆண்பால், அறத்துப்பால் என்பவற்றில் இருக்கும் அதே பால்தான், நமக்கென்று பிரித்து வைக்கப்பட்ட பங்கு என்ற கருத்தில் விதியானது. நியதியும் விதியும் வடமொழியிலிருந்து வந்தவை, இரண்டிலும் கட்டளையின் வாசனை உண்டு. அதனால்தான் இலக்கண விதி, போக்குவரத்து விதி, தலைவிதி ஆகிய மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது. ஊழில் கட்டளையிடுபவர் யாரும் இல்லை. பழுப்பது மட்டும் இருக்கிறது.

‘ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்’ என்று சிலப்பதிகாரப் பதிகம் சொல்வதை இந்தப் பின்னணியோடு படித்தால் ‘ஊட்டும்’ என்ற சொல் வேறு மாதிரிச் சுவைக்கிறது. வினை பழுத்து வருகிறது. வந்து, வேண்டும் வேண்டாம் என்று கேட்காமல், வாயில் ஊட்டிவிட்டுப் போகிறது. கோவலன் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் கிடைத்திருக்காது.

இனி, ஊழ் என்பது தவிர்க்க முடியாததுதானா என்ற உங்கள் நேர்க் கேள்வி. ‘ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று சூழினும் தான்முந் துறும்’ என்ற 380ஆம் குறளைக் காட்டி ஆம் என்று தமிழாசிரியர் சொல்லக்கூடும். ஊழை விலக்க வேறொரு வழியை நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அது நமக்கு முன்னால் வந்து நிற்கும் என்கிறது அந்தக் குறள். ஆனால் அதே வள்ளுவர், ஆள்வினையுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், ‘ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்’ என்று பாடியிருக்கிறார். உப்பக்கம் காணுதல் என்றால் முதுகைக் காணுதல். போரில் பகைவனைப் புறமுதுகு காட்டி ஓடவைப்பது போல, சோர்வில்லாமல் முயல்பவர் ஊழையே திருப்பி ஓட்டுவார்கள். முந்தி வந்து நிற்பதும் அதுதான், முதுகு காட்டி ஓடுவதும் அதுதான். இரண்டு குறளுக்கும் இடையே முரண் உண்டா இல்லையா என்று உரையாசிரியர்கள் விவாதிக்கட்டும். சொற்பொருளை மட்டும் பார்க்கும் நமக்கு ஒன்று உறுதியாகிறது. ஊழ் என்ற சொல்லுக்குள் ‘முடியாது’ என்ற பொருள் இல்லை. இருந்திருந்தால் ‘தவிர்க்க முடியாததையும் தவிர்ப்பார்’ என்ற பொருளற்ற தொடராக அந்தக் குறள் முடிந்திருக்கும்.

வேறொரு காரணமும் உண்டு. குறளில் ஊழ் நல்லதாகவும் வரும். ‘ஆகூழால் தோன்றும் அசைவின்மை’ என்கிறது 371ஆம் குறள். பொருள் சேரவேண்டிய ஊழ் வந்தால் சோம்பாத ஊக்கம் பிறக்கும். அதற்கு எதிர் போகூழ்; அது சோம்பலைத் தரும். ஆனால் தவிர்க்க முடியாதது என்று நாம் சொல்பவை எல்லாம் வேண்டாதவையே. யாராவது ‘தவிர்க்க முடியாத காரணங்களால் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது’ என்று எழுதுவார்களா? ஆகூழ் என்று எழுதலாம், பொருள் நிற்கும்.

பேச்சுவழக்கில் நம் மக்கள் இந்தக் கருத்துக்குப் பெயர்ச்சொல்லையே தேடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘வந்தே தீரும்’, ‘போய்த்தான் ஆகணும்’, ‘கட்டாமத் தீராது’, ‘வேற வழியில்லாம வாங்கினேன்’ என்று வினையிலேயே முடித்துவிடுகிறார்கள். ஏகாரமும் ‘தீர்’ என்ற வினையும் சேர்ந்து நிற்கும்போது, அது நடக்காமல் கதை முடியாது என்ற அழுத்தம் தானாகவே வந்துவிடுகிறது. ‘கட்டண உயர்வு தவிர்க்க முடியாததாக ஆகிவிட்டது’ என்று எழுதுவதைவிடக் ‘கட்டணத்தை உயர்த்தியே ஆகவேண்டியிருக்கிறது’ என்பது நல்ல தமிழ். கடிதம் எழுதும்போது ஒற்றைச் சொல் கிடைக்கவில்லையே என்று நீங்கள் தடுமாறினால், முதலில் வாக்கியத்தை வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் வினைச்சொல் கைகொடுக்கும்.

இறுதியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்ற தொடர் இலக்கணப்படி குற்றமற்றது. ஆனால் காரணத்தைச் சொல்ல விரும்பாதவர்கள் வழக்கமாக இழுத்து மூடும் திரை அது. கல்யாணம் நின்றுபோனால், அமைச்சர் வராவிட்டால், அரங்கத்துக்குப் பணம் கட்டாவிட்டால் எழுதும் தொடர். மோட்டார் எரிந்ததை மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்க்குக் காரணம் தெரிந்தால், அடுத்த நாளுக்காவது ஏற்பாடு செய்துகொள்வார். அந்தப் பலகையை நான் எழுதியிருந்தால் இவ்வளவுதான் எழுதியிருப்பேன்: ‘தண்ணீர் மோட்டார் பழுதடைந்திருப்பதால் நாளை பள்ளி இயங்காது. மோட்டார் சரியானதா, மறுநாள் பள்ளி உண்டா என்பது நாளை மாலை 5 மணிக்குள் இதே பலகையில் எழுதப்படும்.’